நூற்று எண்பத்து நாலாவது முகம்

அவருடைய உண்மைப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 'மெத்தை' என்று கேட்டால் தபால்காரர் வண்டியை நிறுத்தி வாசல்வரை கொண்டுவந்து விடுவார். பஞ்சு வியாபாரம் என்று நினைத்துத் தலையணை விலை கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர் செய்தது போட்டோ எடுக்கும் வேலை. "வெளிச்சம்னா மூஞ்சில மெத்துனு விழணும்" என்று எதிரில் வந்தவர், வராதவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டத்தைச் சம்பாதித்தார். அதைப் பாராட்டு என்றுதான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த மெத்து வெளிச்சம் ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. இரண்டு சாஃப்ட்பாக்ஸிலிருந்து வந்தது. மடக்கினால் குடைபோல நீளப் பைக்குள் போய்விடும். தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம், பக்கத்தில் நிற்கிறவர் தாடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டால் போதும். விரித்தால் எட்டுக் கம்பி, வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளி, முன்பக்கம் வெள்ளைத் துணி. பின்னால் ஸ்ட்ரோப் விளக்கை மாட்டி, கேமராவில் பொத்தானை அழுத்தினால் 'டப்' என்று வெளிச்சம் அந்தத் துணியில் வடிந்து வந்து, எதிரில் நிற்கிறவர் வயதில் பத்தைக் கழற்றிக்கொண்டு போகும். அடுத்த தடவைக்கு விளக்கு தயாரானதும் 'கீ' என்று குரல் கொடுக்கும். வீட்டில் வேறு யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் திரும்புகிற மனிதர், அந்தக் 'கீ'க்கு மட்டும் முதல் தடவையே திரும்புவார்.

அவருக்கென்று ஒரு வேதம் இருந்தது. உலகத்தில் முகச்சுருக்கம் என்று ஒன்று கிடையாது, வெளிச்சம் சரியாகப் போய்ச் சேராத இடம் என்றுதான் உண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் யாரையும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் சாஃப்ட்பாக்ஸ் அதில் இரண்டு வெள்ளை ஜன்னலாக வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரையும் நேராகப் பார்க்க விடக் கூடாது, நேராகப் பார்ப்பது சுவர்க்கடிகாரத்தின் வேலை. ஒவ்வொரு முகத்துக்கும் எடுப்பான பக்கம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பவன்தான் கலைஞன்.

இந்த எடுப்பான பக்கம் விஷயத்தில் அவருக்கு நிகர் அவர்தான். ஒரு பார்வை, அவ்வளவே. பேருந்து நடத்துநருக்கு வலது, பல் டாக்டருக்கு இடது, வீட்டு உரிமையாளருக்கு இரண்டும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஒருமுறை துக்க வீட்டுக்குப் போனவர், இறந்தவருக்கு இடது பக்கம்தான் எடுப்பு, வலது பக்கத்தைக் காட்டிக் கிடத்தியிருக்கிறீர்களே என்று யோசனை சொல்லப் போய், நல்ல வேளையாகச் செருப்பை மாட்டிக்கொள்ள நேரம் கிடைத்து வெளியே வந்து சேர்ந்தார்.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில், பெட்டிகளை வெளியூருக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். அங்கே எல்லோருக்கும் அவர் 'டெஸ்பாட்ச் அக்கா'. எந்த லாரியில் எத்தனை கட்டு, எந்தக் கட்டில் எத்தனை பெட்டி என்று காகிதத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடியவர். குரலை உயர்த்தத் தெரியாது. உயர்த்த வேண்டிய இடங்களில் குரலை இன்னும் தாழ்த்திக்கொள்வார், அது கேட்பவருக்கு அதிகம் வலிக்கும்.

இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் கணவர் எடுத்த அவர் படம் எத்தனை என்று கேட்டால், பல ஆயிரம். வீட்டில் இருப்பது எத்தனை என்று கேட்டால், ஒன்றுமில்லை. காரணம் எளிது. புதுத் துணி மாற்றினாலும், விளக்கை அரை அடி நகர்த்தினாலும், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க யாராவது எதிரில் நிற்க வேண்டும். "ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லு" என்று கூப்பிடுவார். அடுப்பிலிருந்தோ அலமாரியிலிருந்தோ மனைவி வந்து நிற்பார். நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டையைக் கணவர் கொடுப்பார். அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் கூசாமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்வார் மனைவி. டப். கீ. டப். கீ. திரையில் மூக்கு நிழலை மட்டும் பார்த்துவிட்டு, "சரி, நீ போ" என்பார் கலைஞர். அவருடைய கட்டைவிரல் அழிக்கும் பொத்தானைத் தேடிப் போய்விடும். மனைவி முதுகைத் திருப்புவதற்குள் மனைவி அழிந்திருப்பார்.

கல்யாணப் படங்களாவது உண்டே என்றால், அவற்றை எடுத்தவர் வேறொருவர். எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் தோள் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்தத் தோளுக்குப் பின்னால் பெண் இருக்கிறாள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மனைவி ஒரு குறையாகச் சொன்னதில்லை. சாஃப்ட்பாக்ஸ் துணியை மாதம் ஒருமுறை கையால் அலசிக் காயப்போடுவதும் அவர்தான். வெயிலில் போட்டால் மஞ்சளாகிவிடும், அப்புறம் ஊரில் எல்லோரும் காமாலைக்காரர்களாகத் தெரிவார்கள் என்று ஒருமுறை கத்தல் விழுந்ததிலிருந்து, துணி வரவேற்பறையில் காயும், வீட்டு ஆட்களின் உடுப்பு மொட்டை வெயிலில் காயும்.

அப்படியிருக்கும்போது தொழிற்சாலைக்கு ஒரு அதிநவீனம் வந்து சேர்ந்தது. வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் கதவு. கையெழுத்து, அட்டை, எதுவும் வேண்டாம். முன்னால் போய் நின்றால் இயந்திரம் முகத்தைப் பார்க்கும், தன்னிடம் இருக்கும் படத்தோடு ஒப்பிடும், அவர்தான் இவர் என்றால் திறக்கும். அதற்கு நூற்று எண்பத்து நான்கு பேரையும் படம் எடுக்க வேண்டும். அதே படம்தான் கழுத்தில் மாட்டும் புது அடையாள அட்டைக்கும். எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் டெஸ்பாட்ச் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக நிர்வாக அதிகாரியின் அறைக் கதவைத் தட்டினார். தன் வீட்டுக்காரர் நன்றாக எடுப்பார், தான் பொறுப்பு என்று சொன்னார். இருபது வருடத்தில் ஒரு லாரியைக்கூடத் தப்பாக அனுப்பாதவர் சொல்கிறாரே என்று அதிகாரி ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்ன மனைவி, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"என்னையும் எடுக்கணும். டெஸ்ட்டுக்கு இல்ல. நிதானமா, நல்லா, ஒரு படம். அது போதும் எனக்கு."

"அட, அதுக்கென்ன. உன்னைக் கடைசியா வச்சுக்கறேன். அவசரமே இல்லாம எடுக்கலாம்" என்றார் மெத்தை. கடைசியில் நிற்பவருக்கு என்ன மிஞ்சும் என்று இருபது வருடமாக டெஸ்பாட்சில் இருக்கும் மனைவிக்குத் தெரியாதா? தெரிந்தும் சந்தோஷப்பட்டார். பீரோவைத் திறந்து நீல உடுப்பு ஒன்றை எடுத்து வெளியே மாட்டினார்.

தொழிற்சாலை ஒரு சுற்றறிக்கையும் கொடுத்திருந்தது. எட்டுக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்த கணவருக்கு மனைவி அதைப் படித்துக் காட்டினார். முகம் நேராக இருக்க வேண்டும். தினமும் வேலைக்கு வருகிற கோலத்திலேயே இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தை மெருகேற்றக் கூடாது.

மெத்தை சிரித்தார். இந்த மாதிரி விதி எழுதுகிறவர்களுக்குக் கலை தெரியாது, படம் வந்ததும் அவர்களே காலில் விழுவார்கள் என்றார். மனைவி இரண்டாவது தடவை படித்தார், குரலைத் தாழ்த்தி. அவர் மூன்றாவது கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு இரண்டு நாள் அந்தத் திருவிளையாடல் நடந்தது. இரண்டு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ், கீழே மோவாய் நிழலை விரட்ட ஒரு வெள்ளிப் பலகை. பசை வாசனையோடும் அட்டைத் தூசியோடும் வரிசையில் வந்தவர்களை முக்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தாடையைப் பிடித்து எடுப்பான பக்கத்துக்குத் திருப்பினார். "கொஞ்சம் மேல. இன்னும் மேல. தூரத்துல யாரோ உங்களுக்குச் சம்பள உயர்வு சொல்ற மாதிரி பாருங்க." டப். கீ.

திரையைப் பார்த்தவர்கள் கழுத்தை நீட்டி இன்னொரு தடவை பார்த்தார்கள். அச்சு இயந்திரம் ஓட்டுபவருக்கு முப்பது வருட மை முகத்தில் இருந்தது; போன இடம் தெரியவில்லை. கணக்குப் பிரிவுக்காரருக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கும், அவை காலியாகிவிட்டன. வெட்டுப் பிரிவில் ஒருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, இது யார் என்று மரியாதையோடு கேட்டார். அவரே அப்படிக் கேட்டபோது ஒருவருக்காவது மனதில் மணி அடித்திருக்க வேண்டும். யாருக்கும் அடிக்கவில்லை. அழகாக இருக்கிறோம் என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேசுகிற பழக்கம் நமக்கு ஏது?

இரண்டாம் நாள் சாயங்காலம் நூற்று எண்பத்து இரண்டு முடிந்தது. மிச்சம் நிர்வாக அதிகாரியும் டெஸ்பாட்ச் அக்காவும். அக்கா நீல உடுப்பில், தலையைப் புதிதாக வாரி, கூடத்தின் ஓரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நான்கு லாரி ஏற்றிவிட்டு வந்திருந்தாலும், முகம் கழுவி, பொட்டுத் தூசி இல்லாமல் வந்திருந்தார்.

அதிகாரி முக்காலியில் உட்கார்ந்தார். ஒன்று எடுத்தார்கள். கழுத்து மடிப்பு தெரிகிறதோ என்றார். இன்னொன்று. கழுத்தே இல்லாமல் போய்விட்டதோ என்றார். இன்னொன்று. அப்புறம் வீட்டுச் சுவருக்கு என்று கையைக் கட்டிக்கொண்டு மூன்று, கன்னத்தில் விரல் வைத்து இரண்டு, ஜன்னலைப் பார்த்துத் தேசத்தின் எதிர்காலத்தை யோசிப்பதுபோல நான்கு. பன்னிரண்டாவது படத்தோடு இடது விளக்கின் பேட்டரி படுத்தது. பதினான்காவதோடு வலது விளக்கும் படுத்தது. மாற்றுப் பேட்டரிகள் மத்தியானமே தீர்ந்திருந்தன. கணினிப் பிரிவு ஆள் வாசலில் நின்று, ஐந்து மணிக்குள் படங்களை இயந்திரத்தில் ஏற்ற வேண்டும் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

மெத்தை சாஃப்ட்பாக்ஸ்களைப் பொறுமையாக மடக்கினார். துணியில் சுருக்கம் விழாமல் நீவிவிட்டுப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்த பிறகுதான் மனைவியின் ஞாபகம் வந்தது.

"அட, நீ இருக்கியா. அந்தச் சுவத்தோரம் நில்லு. உனக்கென்ன, ஐடி கார்டுக்குத்தானே."

குழல்விளக்குக்கு அடியில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, நேராக, கண்ணாடியோடு, ஒரே ஒரு படம். இரண்டு வினாடி ஆகியிருக்கும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனைவி, "சரி" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பையின் ஒரு முனையை அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது, அழவில்லை. மறுநாள் காலை நீல உடுப்பைத் துவைத்து மொட்டை வெயிலில் காயப்போட்டார்.

சனிக்கிழமை அடையாள அட்டைகள் வந்தன. தொழிற்சாலையே ஒரு நாள் வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். அட்டையைச் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்கிறவர்கள் வெளியே எடுத்துப் போட்டார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் பறந்தது. அக்காவின் அட்டையில் மட்டும், ஏதோ ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த குற்றத்தை யோசிக்கிற ஒரு பெண் இருந்தார். "என்னக்கா, வீட்டுக்காரரோட சண்டையா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். நான்காவது ஆள் கேட்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கதவு வேலையை ஆரம்பித்தது. முதலில் போய் நின்றவர் அச்சு இயந்திரக்காரர். இயந்திரம் அவரைப் பார்த்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. "அடையாளம் தெரியவில்லை" என்றது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார். தெரியவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் போனார். தெரியவில்லை. வெட்டுப் பிரிவுக்காரரையும் தெரியவில்லை, அவருக்கு மட்டும் அதில் ஆச்சரியமில்லை. எட்டரை மணிக்கு வாசலுக்கு வெளியே நூறு பேர், எட்டே முக்காலுக்கு நூற்று ஐம்பது. இருபது வருடமாக அத்தனை பேர் முகமும் மனப்பாடமாகத் தெரிந்த காவலாளி உள்ளே நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம் என்று கையை விரித்தார்.

அப்போதுதான் யாரோ ஒரு அறிவாளி யுக்தியைக் கண்டுபிடித்தார். படத்தில் இருப்பதுபோல நின்றால் திறக்குமே! கண்ணாடிகள் கழன்றன. கழுத்துகள் திரும்பின. சம்பள உயர்வைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கதவை நோக்கிப் பக்கவாட்டில் நடந்தார்கள். நிர்வாக அதிகாரி வந்ததும் எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டு, மோவாயை உயர்த்தி, தேசத்தின் எதிர்காலத்தை யோசித்தார். "அடையாளம் தெரியவில்லை" என்றது இயந்திரம். வெளிச்சத்தையும் கூட எடுத்துவர வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி இல்லாததால் அதிகாரி திரும்பும்போது கதவுக் கம்பத்தில் மோதிக்கொண்டார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் டெஸ்பாட்ச் அக்கா வந்தார். கூட்டம் எதற்கு என்று விசாரிக்கும் மனநிலையில் அவர் இல்லை. சாதாரண உடுப்பு, மூக்குக்கண்ணாடி, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். நேராகப் போய் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. "உள்ளே வரலாம்" என்றது இயந்திரம், ஏறக்குறைய மரியாதையாக. கதவு திறந்தது. அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. வெளியே நூற்று எண்பத்து மூன்று அழகான மனிதர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி கூப்பிட்ட அரை மணியில் மெத்தை வந்து சேர்ந்தார், தோளில் பையோடு. பாராட்டு விழா என்று நினைத்திருப்பாரோ என்னவோ, தலையை வாரியிருந்தார். அதிகாரி சுற்றறிக்கையை அவர் கையில் கொடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னார். நேராக, என்று படித்தார். தினமும் வருகிற கோலத்தில், என்று படித்தார். மூக்குக்கண்ணாடியோடு என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. அந்த வீட்டில் குரலைத் தாழ்த்தும் வழக்கம் அன்றைக்குத்தான் அவருக்கும் வந்தது.

இந்த ஆளுக்குப் பொறுப்பேற்றது யார் என்று அதிகாரி அடுத்துக் கேட்டார். கேட்டது மெத்தையைத்தான், பார்த்தது கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவை. இருபது வருடத்தில் முதல் முறையாக அவர் அனுப்பிய சரக்கு தப்பான இடத்துக்குப் போயிருந்தது. அக்கா தலையைக் குனியவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டது. மெத்தை அதைப் பார்த்தார். தப்பு முழுதும் என்னுடையது, மனைவி இரண்டு தடவை படித்துக் காட்டினார், நான்தான் காதில் வாங்கவில்லை என்று சொன்னார். இப்போதே, இங்கேயே, எல்லோரையும் மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றார். அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் பேசிய உருப்படியான பேச்சு அதுதான்.

"சரி, எடுங்க. அந்தக் குடை கிடை எல்லாம் வேண்டாம். இருக்கற மூஞ்சி இருக்கற மாதிரி வரணும்" என்றார் அதிகாரி. "டெஸ்பாட்ச் அக்காவுக்கு மட்டும் தேவையில்ல. எப்படி எடுக்கணும்னு அதைப் பாத்துக் கத்துக்குங்க."

"எனக்கும் எடுக்கணும் சார்" என்றார் அக்கா, உள்ளேயிருந்து.

உங்களுடையதுதான் சரியாக இருக்கிறதே என்றார் அதிகாரி. அக்கா காவலாளியைப் பார்த்தார், காவலாளி கதவைத் திறந்தார், அக்கா வெளியே வந்து கணவருக்கு எதிரில் நின்றார். அங்கே நூற்றுக்கணக்கான பேர் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. குரல் எப்போதும்போலத் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் கூட்டம் அதைக் கேட்பதற்காக அடங்கிவிட்டது.

"மெஷினுக்கு என்னைப் பாத்ததும் தெரிஞ்சுதுங்க. மூணு நாளுதான் பழக்கம் அதுக்கு. நீங்க முதல்ல குடையை விரிங்க. நான் வரிசையில முதல்ல நிக்கறேன்."

ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மெத்தை பையைத் திறந்தார். எட்டுக் கம்பிகளையும் வளையத்தில் செருகுவதற்குள் இரண்டு தடவை கை வழுக்கியது. வாசலில் காற்று அடித்தது. விரித்த சாஃப்ட்பாக்ஸ் அதன் மூன்றுகால் தாங்கியோடு சாய்ந்தது. அதைப் பிடித்துக்கொள்கிற ஆள் எப்போதும் மனைவிதான், அவர் இப்போது எதிரில் நின்றார். மெத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். கிட்டத்தில் நின்றவர் நிர்வாக அதிகாரி. அவர் கையில் தாங்கியைக் கொடுத்தார். என்ன ஏது என்று புரிவதற்கு முன்பே அதிகாரி அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

மெத்தை கேமராவைத் தூக்கினார். எதிரில் மனைவி, பழக்க தோஷத்தில், இல்லாத சாம்பல் அட்டையைப் பிடித்துக்கொள்வதற்காகக் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

கேமரா இறங்கியது.

"கையை எடும்மா" என்றார். "கண்ணைத் திற. இது டெஸ்ட் இல்ல."

மனைவி கையை இறக்கினார். அவர் பார்த்தார். ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற ஆள், பார்த்துக்கொண்டே நின்றார். இடது பக்கம் வந்து பார்த்தார். வலது பக்கம் போய்ப் பார்த்தார். பேருந்து நடத்துநருக்கு எது என்று தெரியும், பல் டாக்டருக்கு எது என்று தெரியும், செத்துப்போனவருக்குக்கூட எது என்று தெரியும். இந்த முகத்துக்கு எடுப்பான பக்கம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் அல்ல, அந்த முகத்துக்கு முன்னால். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் சொன்னார்: கண்ணாடியை மட்டும் கழற்றிவிடு, சாஃப்ட்பாக்ஸ் அதில் விழும்.

"கழட்ட மாட்டேன்" என்றார் மனைவி. "கழட்டினா உங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது மத்தவரைப் பாக்க வேண்டாமா?"

மெத்தை கேமராவை மறுபடி தூக்கினார். நேராக நின்று, நேராக நின்றவரை எடுத்தார். டப். கண்ணாடியில் இரண்டு வெள்ளை ஜன்னல்கள் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவரைப் பார்த்தன. வேறு யார் படமாக இருந்தாலும், தொழில் தெரியாதவன் எடுத்தது என்று சொல்லியிருப்பார்.

திரையைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடப் பழக்கம், கட்டைவிரல் தானாக அழிக்கும் பொத்தான்மேல் போய் நின்றது. மனைவி அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது.

"அழிச்சாச்சா?"

"இல்ல" என்றார். விரலை எடுத்தார். கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டார்.

'கீ' என்றது விளக்கு. அவர் திரும்பவில்லை. தாங்கியைக் கட்டிப்பிடித்து நின்ற நிர்வாக அதிகாரி, காற்று பலமாக அடிக்கிறது, கை வலிக்கிறது, இதை விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"பிடிங்க சார். இன்னும் முடியல" என்றார் மெத்தை.